ராணுவ ஆசிரியர்களுக்கே வகுப்பு எடுக்கும் நேட்டோ: ‘டீப்’ திட்டம் என்றால் என்ன? அது பலன் தருகிறதா?

ஜார்ஜியா நாட்டில் கோரி என்றொரு ஊர். ஸ்டாலின் பிறந்த ஊர். அவருக்கு அங்கே பெரிய அருங்காட்சியகமும் உண்டு. 2008 ஆகஸ்ட்டில் நடந்த ஐந்து நாள் போரில் ரஷ்ய விமானங்கள் குண்டு போட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. ரஷ்யப் படைகள் சில நாட்கள் இந்த ஊரைப் பிடித்தும் வைத்திருந்தன. இன்று அதே கோரியில்தான் ஜார்ஜியாவின் தேசியப் பாதுகாப்பு அகாடமி இயங்குகிறது. வருங்கால ராணுவ அதிகாரிகள் அங்கேதான் படிக்கிறார்கள்.

அந்த அகாடமியின் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதியதில் ஜார்ஜியர்களோடு பல நாட்டு ராணுவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் துப்பாக்கியோ டாங்கியோ கொண்டு வரவில்லை. “பாடத்தை எப்படி நடத்துறீங்க? தேர்வை எப்படி வைக்கிறீங்க?” என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள்.

ராணுவ உதவி என்றாலே ஏவுகணையும் போர் விமானமும்தான் செய்தியாகும். வகுப்பறைக்கு வரும் உதவி கண்ணில் படுவதே இல்லை. ஆனால் கடந்த இருபது ஆண்டுகளாகப் பல நாடுகளின் ராணுவக் கல்லூரிகளில் இந்த வேலை ஓசையில்லாமல் நடந்து வருகிறது. இதற்குப் பெயர் ‘பாதுகாப்புக் கல்வி மேம்பாட்டுத் திட்டம்’. சுருக்கமாக ‘டீப்’.

இது எப்படித் தொடங்கியது?

சோவியத் ஒன்றியம் 1991-ல் உடைந்தபோது 15 நாடுகள் பிறந்தன. கொடி, நாணயம், நாடாளுமன்றம் எல்லாம் புதிது. ராணுவம் மட்டும் பழசு. சீருடையில் சின்னத்தை மாற்றிவிடலாம். அதிகாரிகள் படித்த படிப்பை ஒரே நாளில் மாற்ற முடியாது. கீவ், எரெவான், சிசினாவ் என்று எங்கே பார்த்தாலும், ராணுவக் கல்லூரிகளில் அதே ஆசிரியர்கள் அதே ரஷ்ய மொழிப் பாடப்புத்தகங்களை வைத்துக்கொண்டு அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நேட்டோவும் அதன் கூட்டாளி நாடுகளும் இந்தப் பிரச்சினைக்கென்று 1999-ல் ஓர் அமைப்பை உருவாக்கின. பல நாட்டு ராணுவக் கல்லூரிகளும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்த கூட்டமைப்பு அது. ஜெர்மனியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள கார்மிஷ்-பார்டன்கிர்ஷன் ஊரில், மார்ஷல் மையத்தில் அதன் செயலகம் இருக்கிறது. 2004 இஸ்தான்புல் மாநாட்டில், கூட்டாளி நாடுகளின் பாதுகாப்பு நிறுவனங்களைச் சீர்திருத்துவதற்கான செயல்திட்டம் ஒன்றை நேட்டோ ஏற்றுக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக 2007-ல் டீப் தொடங்கியது. அர்மீனியா, அஜர்பைஜான், ஜார்ஜியா, மால்டோவா, கஜகஸ்தான், உக்ரைன் என்று முன்னாள் சோவியத் நாடுகளில் பரவி, பிறகு ஆப்கானிஸ்தான், ஈராக், துனிசியா, மவுரித்தானியா வரைக்கும் போனது.

செயல்முறை எளிமையானதுதான். முதலில் உதவி வேண்டும் என்று அந்த நாடே கேட்க வேண்டும். நிபுணர் குழு ஒன்று போய்க் கல்லூரியைப் பார்க்கும், ஆசிரியர்களோடு பேசும். பிறகு எந்தப் பாடத்தை மாற்றுவது, எந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்று திட்டம் போடுவார்கள். நிபுணர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி, போலந்து, ஸ்லோவேனியா போன்ற நாடுகளின் ராணுவக் கல்லூரிகளில் ஏற்கெனவே பாடம் நடத்துபவர்கள். சில நாட்கள் வந்து வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி வருவார்கள். ஒரு டாங்கின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு சில்லறை.

பழைய வகுப்பறையில் என்ன பிரச்சினை?

சோவியத் பாணி ராணுவக் கல்லூரியில் பேராசிரியர் மேடையில் நின்று உரையை வாசிப்பார். மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் அதையே திருப்பி எழுத வேண்டும். ‘ப்ளூ பிரிண்ட்’ பார்த்து, மனப்பாடம் செய்து, அப்படியே வாந்தி எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதை வெறும் மோசமான கல்வி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கணிதம், பீரங்கிக் கணக்கீடு, பொறியியல், ரேடார் போன்றவற்றில் சோவியத் கல்லூரிகள் ரொம்பக் கறாரானவை. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனித்தனிக் கல்லூரி. நான்கைந்து வருடப் படிப்பு. வெளியே வரும்போது அந்த அதிகாரி தன் துறையில் தேர்ந்த பொறியாளராக இருப்பார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்த அமைப்பில் முடிவெடுப்பது மேலிடத்தின் வேலை, நிறைவேற்றுவது கீழே இருப்பவரின் வேலை. ‘ஏன்?’ என்று கேட்கும் மாணவருக்கு வகுப்பிலும் இடமில்லை, களத்திலும் இடமில்லை.

ஒரு உதாரணம் பார்க்கலாம். “காலை ஆறு மணிக்குள் அந்தப் பாலத்தைப் பிடி” என்று ஒரு கேப்டனுக்கு உத்தரவு வருகிறது. போய்ப் பார்த்தால் பாலம் ஏற்கெனவே தகர்க்கப்பட்டுக் கிடக்கிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஆழம் குறைந்த இடத்தில் எதிரி ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறான். மேலிடத்தோடு ரேடியோ தொடர்பு இல்லை. இப்போது கேப்டன் என்ன செய்ய வேண்டும்?

பழைய பயிற்சியில் வளர்ந்தவர் அங்கேயே நின்று அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. உத்தரவை மீறினால் தண்டனை அவருக்குத்தான். நேட்டோ நாடுகள் கற்பிக்க முயலும் முறையில் உத்தரவு கொஞ்சம் வேறு மாதிரி வரும்: “எதிரி ஆற்றைக் கடக்கக் கூடாது, அதற்காக அந்தப் பாலத்தைப் பிடி.” நோக்கம் தெரிந்த கேப்டன் யாரையும் கேட்காமல் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய் எதிரியைத் தடுப்பார். நோக்கத்தை மேலிடம் சொல்லும். வழியைக் களத்தில் இருப்பவர் தேர்ந்தெடுப்பார். 19-ஆம் நூற்றாண்டு பிரஷ்ய ராணுவத்தில் வளர்ந்த இந்த வழக்கத்தை இன்று மேற்கத்திய ராணுவங்கள் எல்லாமே தங்கள் கோட்பாடாகச் சொல்லிக்கொள்கின்றன. (எல்லாரும் நடைமுறையில் அப்படித்தான் நடந்துகொள்கிறார்களா என்பது தனிக்கதை.)

நான்கு வருடம் வாயே திறக்காமல் நோட்ஸ் எடுத்த ஒருவரிடம், ஐந்தாவது வருடம் போர்க்களத்தில் நிறுத்திவைத்து “நீயே முடிவு எடு” என்று சொன்னால் எங்கிருந்து வரும்? அதனால்தான் என்ன பாடம் என்பதோடு, எப்படிப் பாடம் நடத்துவது என்பதிலும் டீப் கை வைக்கிறது.

என்ன மாற்றுகிறார்கள்?

முதலில் பாடத்திட்டம். கனடா ராணுவக் கல்வித் துறையினரின் முன்னெடுப்பில் 2011-ல் அதிகாரிகளுக்கான மாதிரிப் பாடத்திட்டம் ஒன்று வெளியானது. ராணுவத் தொழில், தலைமைப் பண்பும் அறமும், பாதுகாப்பு ஆய்வுகள் என்று மூன்று பெரும் பகுதிகள். ராணுவத்தின் மீது மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு இருக்கும் அதிகாரம், போர்க்காலச் சட்டங்கள், ஊடகத்தோடு நடந்துகொள்வது போன்றவையும் பேசப்படுகின்றன. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. பட்டியலைப் பார்த்துத் தனக்கு வேண்டியதை ஒரு நாடு எடுத்துக்கொள்ளலாம்.

2013-ல் சார்ஜென்ட் நிலையில் இருப்பவர்களுக்காக இன்னொரு பாடத்திட்டம் வந்தது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால், இந்த முழுக் கதையிலும் முக்கியமான விஷயம் இதுதான். சோவியத் ராணுவத்தில் அனுபவம் மிக்க, நிரந்தர சார்ஜென்ட்கள் என்ற அடுக்கு வலுவாக இருந்ததில்லை. கட்டாய ராணுவ சேவைக்கு வந்த இளைஞருக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்து சார்ஜென்ட் ஆக்கிவிடுவார்கள். இரண்டு வருடத்தில் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். இந்திய ராணுவத்தில் ஹவில்தார், சுபேதார் பார்க்கிற வேலையெல்லாம் அங்கே லெப்டினன்ட் தலையில் விழும். சிப்பாய் பூட்ஸ் சரியாக மாட்டியிருக்கிறாரா என்று பார்ப்பதற்கும் அவர்தான், போர்த் திட்டம் போடுவதற்கும் அவர்தான் என்றால் எப்படி? 2016-ல் சைபர் பாதுகாப்புக்கு ஒரு பாடத்திட்டம் வந்தது. பயங்கரவாத எதிர்ப்புக்கும் பிறகு ஒன்று வந்தது.

அடுத்தது ஆசிரியர்கள். இங்கேதான் உரசல் அதிகம். இருபது, முப்பது வருடம் பாடம் நடத்திய கர்னல்கள் அவர்கள். அவர்களிடம் போய், “உரையைக் குறைத்துக்கொள்ளுங்கள், மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து ஒரு பழைய போரை விவாதிக்கச் சொல்லுங்கள், நீங்கள் நடுவில் கேள்வி மட்டும் கேளுங்கள்” என்றால் என்ன தோன்றும்? ‘அப்போ எனக்கு என்ன மரியாதை?’ என்றுதான் தோன்றும். லெப்டினன்ட் ஒருவர் வகுப்பில் கர்னலை மறுத்துப் பேசலாமா, கூடாதா என்பது அந்த ராணுவங்களில் சாதாரணக் கேள்வி கிடையாது.

அதனால் வந்திறங்கும் நிபுணர்கள் எடுத்த எடுப்பிலேயே உபதேசம் செய்வதில்லை. அந்த ஆசிரியர்களையே மாணவர்களாக உட்காரவைத்து, புதிய முறையில் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுகிறார்கள். பிறகு ஒரு ஆசிரியர் பாடம் நடத்த, மற்றவர்கள் பார்த்துக் குறிப்பு சொல்ல வேண்டும். இப்படித் தேறியவர்களில் சிலரைப் பயிற்றுநர்களுக்கே பயிற்றுநர்களாக ஆக்குகிறார்கள். வெளிநாட்டு நிபுணர் வராத மாதங்களிலும் வேலை நடக்க வேண்டும் என்றால் வேறு வழி இல்லை.

இதில் மொழிச் சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’, ‘செக்யூரிட்டி’ என்று பிரித்துச் சொல்லும் இரண்டுக்கும் ரஷ்ய மொழியிலும் உக்ரைன் மொழியிலும் ஒரே சொல்தான். அதேபோல் ரஷ்யச் சொல்லான ‘உப்ராவ்லேனியே’ கட்டளையிடுதல், கட்டுப்படுத்துதல், நிர்வகித்தல் எல்லாவற்றையும் குறிக்கும். நம் நிலைமை இன்னும் விசேஷம்: ‘டிஃபென்ஸ்’ உட்பட மூன்றுக்கும் சேர்த்து ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையே ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டளையிடுவதும் கட்டுப்படுத்துவதும் ஒரே சொல்லாக இருக்கும் மொழியில், ‘கட்டளை கொடு, ஆனால் கட்டுப்படுத்தாதே’ என்று எப்படிப் பாடம் நடத்துவது?

ஒரு நாடு இன்னொரு நாட்டு ராணுவத்துக்குப் பாடம் எடுப்பது புதுசா?

இல்லவே இல்லை. 1885-ல் ஜேக்கப் மெக்கல் என்ற பிரஷ்ய அதிகாரி ஜப்பானுக்குப் போய், டோக்கியோ ராணுவக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பாடம் நடத்தினார். அவரிடமும் அவர் மாணவர்களிடமும் படித்த அதிகாரிகள்தான் 1904-05 போரில் ரஷ்யாவைத் தோற்கடித்த ராணுவத்தை நடத்தினார்கள். அதே ராணுவம் அடுத்த சில பத்தாண்டுகளில் சீனாவிலும் கொரியாவிலும் என்னவெல்லாம் செய்தது என்பதும் வரலாற்றில் இருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. நீலகிரியில் வெலிங்டன் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி. 2021 டிசம்பர் 8-ல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது நினைவிருக்கும். அவர் உரையாற்றப் போய்க்கொண்டிருந்தது இந்தக் கல்லூரிக்குத்தான். 1905-ல் தேவலாலியில் தொடங்கி, 1907-ல் குவெட்டாவுக்கு மாறி, பிரிவினைக்குப் பிறகு 1947-ல் வெலிங்டனுக்கு வந்தது. ஆண்டுதோறும் பல நாட்டு அதிகாரிகள் இந்திய அதிகாரிகளோடு சேர்ந்து இங்கே படிக்கிறார்கள். முடிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டமும் கிடைக்கும். டீப் திட்டத்தோடு இந்தியாவுக்குச் சம்பந்தம் கிடையாது. ஆனால் வெளிநாட்டு அதிகாரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் இந்தியா பழம் தின்று கொட்டை போட்ட நாடு. இந்தக் கல்லூரிக்குப் பிறகு திரும்பி வருவோம்.

உக்ரைனில் என்ன ஆனது?

டீப் அதிகம் பேசப்படும் நாடு உக்ரைன். 2014-ல் கிரீமியாவை ரஷ்யா எடுத்துக்கொள்வதற்கு முன்பே அங்கே வேலை தொடங்கிவிட்டது. கீவில் உள்ள தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகம், லிவிவ் தரைப்படை அகாடமி, கார்கிவ் விமானப்படைப் பல்கலைக்கழகம், ஒடேசா கடற்படைக் கல்வி நிறுவனம் என்று பல இடங்களில் நடந்தது. 2014-க்குப் பிறகு களப் பயிற்சியும் சேர்ந்துகொண்டது: யாவோரிவ் பயிற்சித் தளத்தில் அமெரிக்கர்கள், 2015 முதல் கனடாவின் ‘யூனிஃபையர்’ திட்டம்.

2022 பிப்ரவரியில் முழுப் போர் வந்தது. கீவை நோக்கி வந்த ரஷ்ய வாகன வரிசை 60 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையில் நின்றதை உலகமே செயற்கைக்கோள் படங்களில் பார்த்தது. உக்ரைனின் சிறு குழுக்கள் மேலிட உத்தரவுக்குக் காத்திருக்காமல் அங்கங்கே தாக்கின. “பார்த்தீர்களா, எங்கள் பயிற்சி!” என்று மேற்கில் பலர் மார்தட்டினார்கள்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. கீவைக் காப்பாற்றியதில் சோவியத் கால பீரங்கிகளுக்கும், அவற்றை இயக்கிய பழைய பள்ளி அதிகாரிகளுக்கும், 2014 முதல் டான்பாஸில் எட்டு வருடம் சண்டை போட்ட அனுபவத்துக்கும், உள்ளூர் மக்களுக்கும் பெரிய பங்கு உண்டு. எது வகுப்பறையில் வந்தது, எது வாழ்வா சாவா என்ற நிலையில் வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மாற்றம் எவ்வளவு பாதியில் நிற்கிறது என்பதை இரண்டு தளபதிகளின் படிப்பைப் பார்த்தாலே புரியும். 2021 முதல் உக்ரைன் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த வலேரி ஜலுஷ்னி, சுதந்திர உக்ரைனில் ராணுவக் கல்வி பயின்றவர். 2024 பிப்ரவரியில் அவர் இடத்துக்கு வந்த ஒலெக்ஸாண்டர் சிர்ஸ்கி, 1986-ல் மாஸ்கோ ராணுவக் கல்லூரியில் படிப்பை முடித்தவர். பாடத்திட்டத்தை மூன்று வருடத்தில் மாற்றலாம். அதில் படித்தவர் ஜெனரல் ஆவதற்கு இருபத்தைந்து வருடமாவது ஆகும்.

2023 கோடைக்காலத் தாக்குதலில் இன்னொரு பக்கமும் தெரிந்தது. ஜெர்மனியில் சில வாரங்கள் பயிற்சி பெற்ற புதிய பிரிகேடுகள் தெற்கே ஜபோரீஷியா பகுதியில் கண்ணிவெடி வயல்களில் சிக்கின. மேற்கத்தியக் கோட்பாடு, வானம் நம் கையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. உக்ரைனிடம் அந்த வானம் இல்லை. தலைக்கு மேல் ட்ரோன் சுற்றிக்கொண்டே இருக்கும்போது எப்படி முன்னேறுவது என்று சொல்லிக்கொடுத்தவர்களே அனுபவப்பட்டிருக்கவில்லை.

வகுப்பறைகளும் தப்பவில்லை. யாவோரிவ் தளத்தின் மீது 2022 மார்ச் 13-ல் ஏவுகணைகள் விழுந்தன. 2024 செப்டம்பர் 3-ல் பொல்டாவா நகரில் ராணுவத் தகவல்தொடர்புக் கல்வி நிறுவனம் தாக்கப்பட்டதில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆப்கானிஸ்தான்: பள்ளி இருந்தது, நாடு இல்லை

காபூலில் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் மாதிரியில் ஒரு தேசிய ராணுவ அகாடமி கட்டப்பட்டது. நகரத்துக்கு வெளியே கர்காவில் பிரிட்டன் உதவியோடு 2013-ல் இன்னொரு அகாடமி தொடங்கியது. பிரிட்டிஷ் ஊடகங்கள் அதை ‘மணல்வெளி சாண்ட்ஹர்ஸ்ட்’ என்று அழைத்தன. டீப்பும் அங்கே போனது. பெண் கேடட்கள் சேர்ந்தார்கள். இந்தியாவும் பங்கு எடுத்துக்கொண்டது: டேராடூனில் ஆப்கன் கேடட்கள் படித்தார்கள், சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 2017 முதல் ஆப்கன் பெண் அதிகாரிகளின் குழுக்கள் பயிற்சி பெற்றன.

2021 ஆகஸ்ட் 15-ல் காபூல் விழுந்தது. அந்த நேரத்தில் இந்திய அகாடமிகளில் படித்துக்கொண்டிருந்த ஆப்கன் கேடட்களுக்குத் திரும்பிப் போய்ச் சேர ஒரு ராணுவமே இல்லாமல் போனது. படிப்பு முடிந்த அவர்களில் சுமார் 80 பேருக்கு 2022-ல் இந்தியா ஓராண்டு ஆங்கிலப் பயிற்சி ஏற்பாடு செய்தது. இதில் ஒரு முரணும் உண்டு. தாலிபான் ஆட்சியில் வெளியுறவுத் துணை அமைச்சரான ஷேர் முகமது அப்பாஸ் ஸ்டானிக்சாய், 1980-களின் தொடக்கத்தில் டேராடூன் அகாடமியில் படித்தவர்தான். அன்றைய வகுப்புத் தோழர்களுக்கு அவர் ‘ஷேரு’.

அந்த அதிகாரிகளுக்குப் பாடம் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று சொல்ல முடியுமா? சம்பளப் பட்டியலில் இல்லாத சிப்பாய்களின் பெயர்கள், மேலிடத்தில் ஊழல், விமானங்களைப் பராமரித்த ஒப்பந்ததாரர்கள் ஒரே நேரத்தில் வெளியேறியது, அரசே கையை விரித்தது: இவற்றில் எதையும் நல்ல கேப்டன் ஒருவரால் சரி செய்திருக்க முடியாது.

படித்தால் ஜனநாயகம் வந்துவிடுமா?

டீப் மாதிரியான திட்டங்களுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நல்ல ராணுவக் கல்லூரியில், மற்ற நாட்டு அதிகாரிகளோடு சேர்ந்து, போர்ச் சட்டமும் அறமும் படித்த ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குக் கட்டுப்பட்டு நடப்பார் என்பது அது. இப்போது வெலிங்டனுக்குத் திரும்பி வருவோம்.

நைஜீரியாவின் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ 1965-ல் வெலிங்டனில் படித்தார். அதே நாட்டின் முகமது புகாரி 1973-ல் அதே வெலிங்டனில் படித்தார். ஒபசாஞ்சோ 1976-ல் ராணுவ ஆட்சித் தலைவரானார். 1979-ல் தேர்தல் நடத்தி, வென்ற அரசிடம் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் பதவியிலிருந்து இறங்கினார். ஆப்பிரிக்காவில் அந்தக் காலத்தில் அது அபூர்வம். சுமார் நான்கு வருடம் கழித்து, 1983-ன் கடைசி நாளில் ராணுவம் அந்த மக்களாட்சியைக் கவிழ்த்தது. நாட்டின் தலைவராக வந்து உட்கார்ந்தவர் புகாரி. நடுவில் அவர் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியிலும் படித்திருந்தார். பிற்காலத்தில் இரண்டு பேருமே தேர்தலில் நின்று ஜனாதிபதி ஆனார்கள் என்பது கதையின் இன்னொரு திருப்பம். ஒரே மலை, ஒரே கல்லூரி. படிப்பால் என்ன விளைந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

2023 ஜூலையில் நைஜரில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கியப் பங்கு வகித்த ஜெனரல் மூசா பார்மூ, அமெரிக்காவின் ஃபோர்ட் பென்னிங்கிலும் வாஷிங்டன் தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் பயிற்சி பெற்றவர்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி தூரத்துச் செய்தி கிடையாது. 2009 இறுதிப் போரின்போது இலங்கையின் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோத்தபய ராஜபக்ச, ராணுவ அதிகாரியாக இருந்த காலத்தில் வெலிங்டனில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டம் பெற்றவர். 2012-ல் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி அளிப்பது தெரியவந்தபோது தமிழகத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. அன்றைய முதல்வர் ஜெயலலிதா அவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றியது. பயிற்சி நிற்கவில்லை, இடம்தான் மாறியது.

அந்தச் சமயத்தில் டெல்லி தரப்பில் சொல்லப்பட்ட வாதத்தைத்தான் டீப் ஆதரவாளர்களும் சொல்கிறார்கள்: நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால் இன்னொருவர் சொல்லிக்கொடுப்பார். உண்மைதான், சீனாவும் ரஷ்யாவும் தங்கள் ராணுவக் கல்லூரிகளில் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு இடம் வைத்திருக்கின்றன. ஆனால் இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால், இது செல்வாக்குக்கான போட்டியும்தான் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அறமும் சட்டமும் பாடத்திட்டத்தில் இருப்பது உண்மை. இருபது வருடம் கழித்து ஜெனரலாகும் மாணவரின் தொலைபேசி எண் கையில் இருக்க வேண்டும் என்ற கணக்கும் உண்மை.

அரசியல் மாறினால்?

ஜார்ஜியாவில் இப்போது நடப்பதைப் பார்க்கலாம். ஆளும் ‘ஜார்ஜியக் கனவு’ கட்சி 2024-ல் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தையை 2028 வரை தள்ளிவைப்பதாக அறிவித்தது. மேற்கு நாடுகளோடு உறவு கசந்துவிட்டது. கோரி அகாடமியில் புதிய முறையில் பாடம் நடத்தக் கற்றுக்கொண்ட ஆசிரியர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். அர்மீனியாவில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது: பல ஆண்டுகள் ரஷ்யாவின் ராணுவக் கூட்டணியில் இருந்து, ரஷ்யாவுக்கு அதிகாரிகளைப் படிக்க அனுப்பிய நாடு, 2024-ல் அந்தக் கூட்டணியில் தன் பங்கேற்பை முடக்கிவைத்தது.

உக்ரைனிலோ ஆசிரியர் யார், மாணவர் யார் என்பதே குழம்பிப்போயிருக்கிறது. 2025 பிப்ரவரி 17-ல் போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் நேட்டோவும் உக்ரைனும் சேர்ந்து ஒரு கூட்டு மையத்தைத் திறந்தன. போரிலிருந்து கிடைக்கும் பாடங்களை ஆராய்ந்து, அதைப் பயிற்சியாகவும் கல்வியாகவும் மாற்றுவது அதன் வேலை. ட்ரோன், மின்னணுப் போர், அகழிச் சண்டை என்று நேட்டோ ராணுவங்கள் நேரடியாகப் பார்க்காத பல விஷயங்களை உக்ரைன் அதிகாரிகள் அங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன்பு கீவில் புதிய பாடத்திட்டத்துக்காக உட்கார்ந்த தலைமுறைதான் இது. இப்போது நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்திருப்பது நேட்டோ.